மழைக்குப் பொறுப்பு யார்?

தமிழ் விழா மேடைகளில் அண்மைக் காலமாக ஒரு கருத்து அடிக்கடி ஒலிக்கிறது. இன்று உலக அறிஞர்கள் கூடிக் கூடி ஆராய்கின்ற தட்பவெப்பநிலை மாற்றத்தை நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதே அக்கருத்து. பேசுவோர் திருக்குறளின் வான் சிறப்பைக் காட்டுவர், பட்டினப்பாலையைக் காட்டுவர், திருப்பாவையின் நான்காம் பாட்டைக் காட்டுவர். கேட்போர் கை தட்டுவர். அத்தோடு கூட்டம் கலையும்.

வகுப்பறையில் அப்படி முடிந்துவிடுவதில்லை. தமிழ்ப்பாடத்தில் குறளைப் படிக்கும் பிள்ளைதான் அடுத்த பாடவேளையில் அறிவியலும் படிக்கிறது. முதற்பாடத்தில் நல்லோர் பொருட்டு மழை பெய்கிறது என்று கேட்கிறது. அடுத்த பாடத்தில் நீராவி குளிர்ந்து மழையாகிறது என்று கேட்கிறது. இரண்டில் எது உண்மை என்று அது கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று மழுப்புகிற ஆசிரியர், தமிழுக்கும் நன்மை செய்யவில்லை. அறிவியலுக்கும் நன்மை செய்யவில்லை. முன்னோர் அறிந்தது எது, அறியாதது எது, தவறாகக் கொண்டது எது என்று பிரித்துக் காட்டுவதே திறனாய்வின் வேலை. அந்த வேலையை ஓரளவு செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் இரண்டு வினாக்கள் உள்ளன. மழை எவ்வாறு பெய்கிறது என்பது ஒன்று. மழை பெய்வதற்கும் பொய்ப்பதற்கும் மனிதன் எவ்வளவு பொறுப்பு என்பது மற்றொன்று. மேடையில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. இவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

கண்டறிந்த உண்மை

முதல் வினாவைப் பொறுத்தவரை நம் முன்னோர்க்கு உரிய பெருமையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காட்டுகிறார். கடலிலிருந்து பண்டங்கள் கரைக்கு ஏறுகின்றன. கரையிலிருந்து பண்டங்கள் கடலுக்கு இறங்குகின்றன. இதற்கு அவர் கூறும் உவமை, மேகம் கடலில் முகந்த நீரை மலையில் பொழிவதும், மலையில் பொழிந்த நீர் மீண்டும் கடலில் பரவுவதும் ஆகும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புலவர் மழையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. வணிகத்தை விளக்குவதற்கு மழையை உவமையாக்கினார். அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்குவதுதானே உவமை! ஆகவே நீரின் இச்சுழற்சி அக்காலத்துக் கேட்போர்க்கு நன்கு தெரிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். புலவர் ஒருவருடைய கற்பனை என்று சொல்வதைவிட இது வலிமையான சான்று.

வள்ளுவரும் அவ்வாறே. கடலிலிருந்து எடுத்த நீரை மேகம் திருப்பித் தராவிட்டால் பெருங்கடலும் தன் வளம் குன்றும் என்கிறார். ஆண்டாள் மேகம் கடலுட் புகுந்து நீரை முகந்து மேலேறிக் கறுத்துப் பொழிவதை ஒரு பாட்டில் வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறார்.

ஐரோப்பாவில் ஆறுகளின் நீர் நிலத்தடிக் குகைகள் வழியே கடலிலிருந்து வருகிறது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1674ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் பியர் பெரோ என்பவர் சேன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையையும் ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டு, ஆற்றுக்கு மழையே போதும், அதற்கு மேலும் மிஞ்சும் என்று காட்டினார். 1687இல் எட்மண்டு ஹேலி கடல் நீர் ஆவியாகும் அளவைக் கணக்கிட்டார். இவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் புலவர்கள் இவ்வுண்மையை எளிதாக எடுத்தாண்டனர். இதில் நாம் பெருமைப்படலாம்.

எனினும் வேறுபாட்டையும் மறைத்தல் கூடாது. நம் புலவர்கள் கண்ணால் கண்டனர். பெரோவும் ஹேலியும் அளந்தனர். மேகம் கடலில் இறங்கிக் குடிப்பதில்லை. வெயில் பட்டு நீர் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக எழுகிறது, மேலே குளிர்ந்து நுண்துளிகளாகிறது, அதுவே மேகம். எழுந்த நீர் சராசரியாக ஒன்பது பத்து நாள்களுக்குள் மழையாகத் திரும்பிவிடுகிறது. காட்சி இதுவரை சொல்லாது, அளவுதான் சொல்லும். உவமை முடிகிற இடத்தில் அளவுகோல் தொடங்குகிறது.

குறளில் இரண்டு திசைகள்

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். மழைக்கு மனிதன் பொறுப்பா?

திருக்குறளை ஊன்றிப் படிப்போர்க்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. வள்ளுவர் இவ்வினாவுக்கு இரண்டு திசைகளிலிருந்து விடை கூறுகிறார்.

வான் சிறப்பு நூலின் இரண்டாம் அதிகாரம். அதில் மழை முதலில் நிற்கிறது. மனிதன் பின்னே நிற்கிறான். மழை பொய்த்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார். பசும்புல்லும் தலை காட்டாது. தேவர்க்கும் விழா நடவாது. தானமும் தவமும் நில்லா. நீரின்றி உலகம் இயங்காதவாறு, மழையின்றி ஒழுக்கமும் நிலைபெறாது. இங்கே அறம் மழையால் விளைகிறது. கடவுள் வாழ்த்தை அடுத்து மழையைப் போற்றியதற்குப் பரிமேலழகர் கூறும் காரணமும் இதுவே. உலகமும், அறம் பொருள் இன்பங்களும் நடைபெறுவதற்கு மழை ஏதுவாக இருக்கிறது என்பது அவர் கருத்து.

ஆனால் நூலின் பிற இடங்களில் திசை மாறுகிறது. செங்கோன்மை அதிகாரத்தில், முறை செய்யும் அரசன் நாட்டில் பெயலும் விளைவும் ஒருங்கே உண்டு என்கிறார். கொடுங்கோன்மை அதிகாரத்தில், அரசன் முறை தவறினால் வானம் பொழியாது என்கிறார். வாழ்க்கைத் துணைநலத்தில், கணவனையே தெய்வமாகக் கொண்டவள் சொன்னால் மழை பெய்யும் என்பது வழிவழி வந்த பொருள். அவள் வேண்டும்போது பெய்யும் மழையைப் போன்றவள் என்று பிற்கால உரையாளர் சிலர் அதனை உவமையாகக் கொள்வர். எப்படிக் கொண்டாலும், இந்த அதிகாரங்களில் மழை அறத்தால் விளைகிறது. நாட்டு வழக்கில் உள்ள மாதம் மும்மாரி என்னும் நம்பிக்கையும் இவ்வழி வந்ததே.

மழையால் அறமா? அறத்தால் மழையா? இரண்டும் சேர்ந்து ஒரு வட்டம் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே தரத்துக் கூற்றுகள் அல்ல. முதலாவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். பஞ்சம் வந்த ஊரில் ஈகை சுருங்குவதும், திருவிழா நிற்பதும், நல்லவரும் நிலை தடுமாறுவதும் கண்கூடு. இறையனார் அகப்பொருள் உரை இதற்கு ஒரு கதை கூறுகிறது. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழையில்லை. அரசன் தன்னால் புலவர்களைக் காக்க இயலாது என்று கூறி வெளியே அனுப்பிவிட்டான். நாடு செழித்தபின் தேடியபோது பிற இலக்கணம் வல்லார் கிடைத்தனர். பொருளிலக்கணம் வல்லாரைக் காணவில்லை. கதை எத்துணை உண்மையோ, அது உணர்த்தும் கருத்து உண்மை. வானம் வறண்டால் கல்வியும் வறளும்.

இரண்டாவது கூற்று அப்படிப்பட்டதன்று. கொடுங்கோலர் நாட்டிலும் மழை பெய்திருக்கிறது; நல்லோர் நாட்டிலும் பொய்த்திருக்கிறது. இதனை வானிலை நூலாகக் கொண்டால் அது தவறு என்றே சொல்ல வேண்டும். வள்ளுவரிடம் கொண்ட அன்பினால் இதனை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

தவறான காரணத்தின் விலை

பழைய நம்பிக்கை ஒன்றினால் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். அரசன் நல்லவனாக இருக்கட்டும், மனைவி நல்லவளாக இருக்கட்டும் என்றுதானே அது சொல்கிறது என்பர். கேடு உண்டு. அதனைச் சிலப்பதிகாரமே காட்டுகிறது.

நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். கோவலன் முறையின்றிக் கொலையுண்டபின் பாண்டிநாட்டில் மழை வறண்டது. வறுமையும் வெப்புநோயும் தொடர்ந்தன. அநீதியால் மழை நின்றது என்று நாடு நம்பியது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் என்ன செய்தான்? கண்ணகிக்குச் சாந்தியாகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலி கொடுத்தான். பிறகு மழை பெய்தது என்கிறது நூல்.

குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன். ஆராயாமல் ஆணையிட்டவன் அரசன். இறந்தவர்களோ அவ்விரண்டிலும் சேராத ஆயிரம் பேர். உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே. மழை பொய்ப்பதற்கு ஒருவர் பாவமே காரணம் என்று கொண்டுவிட்டால், அடுத்து எழும் கேள்வி யார் அந்தப் பாவி என்பதே. அக்கேள்விக்கு விடை காண்பவர் அதிகாரம் உள்ளவர். விடையாக ஆக்கப்படுபவர் அதிகாரம் இல்லாதவர். மழை பெண்ணின் கற்பைப் பொறுத்தது என்றால், பஞ்ச காலத்தில் பழி விழுவதும் பெண்கள் மீதே. காரணத்தைத் தவறாகக் கண்டால் தண்டனையும் தவறான தலையில் விழும்.

புறநானூற்றில் இதற்கு மாறான குரல் ஒன்று உண்டு. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறுகிறார். நீரும் நிலமும் கூடினால்தான் உணவு, உணவால்தான் உயிர், ஆகவே நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்கு என்பது அதன் சாரம். வானத்தை வசப்படுத்துமாறு அவர் அரசனிடம் சொல்லவில்லை. விழுந்த நீரை வீணாக்காதே என்றார். கொடுங்கோன்மைக் குறளையும் இந்த ஒளியில் படித்தால் பொருள் துலங்கும். ஏரியைத் தூர் வாராத அரசன் நாட்டில் மழை பெய்தும் பெய்யாததே.

1876ஆம் ஆண்டும் அதன் பின்னும்

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் வரலாற்றோடு அது ஒட்டியது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளையும் பெரும்பஞ்சம் வாட்டியது. இறந்தோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. உயிர் தப்பியவர் பலர் கப்பலேறினர். இலங்கைக்கும் பிற நாடுகளுக்கும் போனவர் தொகை அவ்வாண்டுகளில் பெருகியது.

மழை ஏன் பொய்த்தது? அன்று எவர்க்கும் தெரியாது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட்டு வாக்கர், உலகின் பல பகுதிகளில் பதிவான காற்றழுத்தக் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக் பெருங்கடற்பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துப் பெருங்கடற்பக்கம் இறங்குகிறது. அது ஏறினால் இது இறங்குகிறது. இந்த ஊசலாட்டத்துக்கும் இந்தியப் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்று கண்டார். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடல் வெப்பமுறும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியும் இதுவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை 1969இல் யாக்கப் பியர்க்னஸ் விளக்கினார். இன்று பின்னோக்கிப் பார்க்கும் அறிஞர்கள், 1877ஆம் ஆண்டு மிக வலிய எல் நினோ ஆண்டு என்கின்றனர்.

ஆகவே 1876இல் மழை பொய்த்ததற்கு எந்த அரசனின் பாவமும் காரணமன்று. எந்தப் பெண்ணின் ஒழுக்கமும் காரணமன்று. ஆனால் அத்தனை இலட்சம் பேர் மாண்டதற்கு ஆட்சி காரணம் இல்லையா? பஞ்சத்தின் நடுவே தானியம் கப்பலேறி ஏற்றுமதியானது. நிவாரண வேலைக்கு வந்த உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் அளவு குறைத்தார். பத்திரிகை ஆசிரியர் வில்லியம் டிக்பி இவற்றை எல்லாம் 1878இல் நூலாகவே எழுதி வைத்தார். மழை பெய்யாதது கோலின் குற்றமன்று. மழை பெய்யாத ஆண்டில் மக்கள் மாண்டது கோலின் குற்றம். வள்ளுவர் கூற்றில் நிலைத்து நிற்கும் பகுதி இது.

இப்போது மனிதன் பொறுப்பாளி

இதுவரை மனிதன் மழையை ஆள்வதில்லை என்று கூறிவந்தோம். இப்போது அறிவியல் அதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. கடந்த இருநூறு ஆண்டுகளாக மனிதன் உண்மையிலேயே வானத்தின் போக்கை மாற்றி வருகிறான். அவன் அதைச் செய்யும் வழி பாவமும் புண்ணியமும் அல்ல, புகை.

சூரிய ஒளி காற்று மண்டலத்தை ஊடுருவி நிலத்தைச் சூடேற்றுகிறது. சூடான நிலம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை மேலே அனுப்புகிறது. நீராவியும் கரியமில வாயுவும் அக்கதிர்களை உறிஞ்சி ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. இஃது இயற்கையின் போர்வை. இப்போர்வை அறவே இல்லாவிட்டால் பூமி உறைந்து கிடக்கும். 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் பூட் கரியமில வாயு அடைத்த குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். 1859இல் ஜான் டிண்டல் வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சும் அளவைச் சோதனையால் காட்டினார். 1896இல் சுவீடன் நாட்டு அரீனியஸ், கரியமில வாயு இரு மடங்கானால் பூமி எத்தனை பாகை சூடேறும் என்று தாளில் கணக்கிட்டார். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. நூற்றாண்டுக்கு முந்திய பௌதிகம்.

1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் அளவெடுக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆலைகள் பெருகுமுன் அது 280 அளவில் இருந்தது. தென்துருவப் பனியில் சிறைப்பட்ட பழங்காற்றைச் சோதித்ததில், கடந்த எட்டு இலட்சம் ஆண்டுகளில் அது 300ஐ ஒட்டிய அளவைக் கடந்ததில்லை என்று தெரிகிறது.

இது மனிதன் செயல்தான் என்பது எப்படித் தெரியும்? மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இது. நெடுங்காலம் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் கதிரியக்கமுள்ள கரியணு அழிந்து போயிருக்கும். காற்றில் சேர்ந்துவரும் கரியில் அந்தக் குறையே அடையாளமாகத் தெரிகிறது. எரிவதற்கு ஏற்ப உயிர்வளியும் காற்றில் சிறிது சிறிதாகக் குறைகிறது. சூரியனே காரணமாக இருந்தால் காற்று மண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடேற வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடேற, மேலடுக்கு குளிர்கிறது. போர்வை தடித்தால்தான் இப்படி நிகழும். இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. ஆதலால்தான் பன்னாட்டு அறிஞர் குழு 2021ஆம் ஆண்டு அறிக்கையில், மனிதன் பூமியைச் சூடாக்கியுள்ளான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியது. 2011 முதல் 2020 வரையான பத்தாண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறக்குறைய 1.1 பாகை செல்சியசு மிகுந்த வெப்பமுடையது.

இந்த ஆராய்ச்சியில் தமிழர் பங்கும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் இராமநாதன், செகந்தராபாதில் குளிர்ப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குளிரூட்டும் வாயு ஒழுகுவதைத் தடுப்பது அவர் பணி. பின்னர் அமெரிக்கா சென்று, 1975இல் அதே இனத்து வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பல்லாயிரம் மூலக்கூறுகள் அளவுக்குப் பூமியைச் சூடாக்கவல்லது என்று காட்டினார். அவ்வாயு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது என்பது தெரிந்து, 1987இல் மொன்றியல் உடன்படிக்கையால் உலக நாடுகள் அதைக் கட்டுப்படுத்தின. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பேசும் மேடைகளில் இவர் பெயர் எத்தனை முறை சொல்லப்படுகிறது? அறிவைப் பழம்பெருமையாகவே பார்க்கும் பழக்கம், கண்முன் உள்ள பெருமையை மறைத்துவிடுகிறது.

நம் மண்ணில்

நெகிரி செம்பிலான் மக்களுக்கு இதில் என்ன பங்கு?

இங்கே இரண்டு பருவக்காற்றுகள் வீசுகின்றன. வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையை வெள்ளக்காடாக்கினாலும், நடு மலைத்தொடரைத் தாண்டி வருகையில் தன் நீரைப் பெரிதும் இழந்துவிடுகிறது. அதனால் நமக்குக் காற்று மாறும் காலங்களான ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. மலைகள் சூழ்ந்த ஜெலுபுப் பள்ளத்தாக்கோ தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடங்களுள் ஒன்று. பால்மரம் சீவியவர்க்கு இந்தக் கணக்கு மனப்பாடம். விடியலில் மழை பிடித்தால் மரம் நனையும், வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். சீவியபின் பெய்தால் பால் கழுவிக்கொண்டு போகும். மழையைப் பற்றிய பேச்சு அவர்களுக்கு இலக்கியமன்று, அரிசிக் கணக்கு.

இந்த நிலத்தையும் மனிதன் மாற்றினான். 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் நாற்றுகள் வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வாணிக முறையில் பயிரிடத் தொடங்கினார். காடு ரப்பராயிற்று, ரப்பர் செம்பனையாயிற்று, செண்டாயானில் தோட்டங்கள் இருந்த இடத்தில் இன்று புதுநகரம் எழுந்துள்ளது. மரம் வேரால் நீரை இழுத்து இலையால் ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. தாரும் சிமிட்டியும் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் உமிழ்கின்றன. கோலாலம்பூர் வட்டாரத்தின் இத்தகைய நகர வெப்பத்தைப் பேராசிரியர் ஷாம் சானி 1970களிலேயே அளந்து ஆராய்ந்தார்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மரம் போனதால் ஊர் சூடாவது ஒன்று. உலகப் போர்வை தடிப்பதால் பூமி சூடாவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து நம் தோலில் படுகின்றன. ஆனால் காரணங்கள் வேறு, மருந்துகளும் வேறு. நிழல் மரம் நட்டால் பள்ளித் திடல் குளிரும். அதனால் மௌனா லோவாவில் அளவு இறங்கிவிடாது. அதுபோலவே, ஒரு நாள் வெயிலைக் கொண்டு தட்பவெப்பம் மாறிற்று என்பதும், ஒரு நாள் குளிரைக் கொண்டு மாறவில்லை என்பதும் பிழை. ஒரு நாளின் நிலை வானிலை. முப்பது ஆண்டுக் கணக்கே தட்பவெப்பநிலை.

1997இல் எல் நினோ வறட்சியில் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் தீ பரவியது. நம் வானம் புகைமூட்டத்தில் மறைந்தது. சரவாக்கில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. வறட்சி கடல் தந்தது. தீ மனிதன் வைத்தது. 2021 டிசம்பரில் பெருமழை கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. நாட்டில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்பு மிகுகிறது. எனினும் அம்மழையில் எத்தனை வீடு மூழ்கும் என்பது வடிகாலையும், ஆற்றங்கரையில் யார் குடியிருக்கிறார் என்பதையும் பொறுத்தது. 1876இல் கண்ட அதே பாடந்தான் இங்கும். குடபுலவியனார் நெடுஞ்செழியனுக்குச் சொன்னதை எந்த நகராட்சிக்கும் சொல்லலாம்.

எல்லாரும் என்பவர் யார்?

இறுதியாக ஒன்று. இன்றைய சுவரொட்டிகளும் பாடநூல்களும் மனிதர் எல்லாரும் பூமியைச் சூடாக்கிவிட்டோம் என்று எழுதுகின்றன. பழைய மும்மாரி நம்பிக்கையைக் கழித்த நாம் இந்தப் புதிய வாசகத்தையும் சோதிக்க வேண்டும். தொழிற்புரட்சி முதல் இன்றுவரை நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்ததால் காற்றில் கலந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து வந்தது. லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, சைக்கிளில் வெட்டுக்குப் போன ஒரு தலைமுறையின் பங்கு அதில் எவ்வளவு? அளவு தெரிந்த பின்னும் எல்லாரும் பொறுப்பு என்று சமமாகப் பிரிப்பது, பொற்கொல்லர் ஆயிரவரைப் பிடித்த அதே நியாயமாகும். குற்றமும் தண்டனையும் அங்கே பொருந்தவில்லை; இங்கும் பொருந்தவில்லை.

அறிவியல் நமக்குத் தந்த பெரிய கொடை இதுவே. பாவத்தை அளக்க முடியாது. ஆகையால் அதை எவர் தலையிலும் சுமத்தலாம். கரியமில வாயுவை அளக்கலாம். ஆகையால் கணக்குக் கேட்கலாம். 1987இல் கணக்குப் பார்த்து ஒரு வாயுவைக் குறைக்க முடிந்தது என்றால், மற்றதையும் குறைக்க முடியும்.

தமிழாசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது. வான் சிறப்பைப் பாடத்திலிருந்து எடுக்க வேண்டாம். அதன் பத்துக் குறளும் உண்மை. அதனை நடத்தும் வாரத்தில் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை வையுங்கள். நேரான சுவருள்ள ஒரு தகரக் குவளையும் ஓர் அடிக்கோலும் போதும். தோட்டத்து ஆபீசுகளில் கிராணிமார் நாள்தோறும் மழையளவைக் குறித்து வைத்த வழக்கம் நமக்குப் புதிதன்று. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளே அளந்து மில்லிமீட்டரில் எழுதட்டும். செங்கோன்மைக் குறளை நடத்தும்போது அந்த ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதில் எது வானத்தின் செயல், எது நம் ஊர் வடிகாலின் செயல், எது தொலைவிலுள்ள ஆலைகளின் செயல் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை வள்ளுவரையும் மதிக்கும். நாளை எவரேனும் பழியை எளியவர் மேல் போட வந்தால், கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்கவும் துணியும்.